வென்டிலேட்டர் வைத்தாலே நம்பிக்கை போய்விட்டதா?

கேள்வி: என் அண்ணனுக்கு 42 வயது. பூட்டிய அறையில் தீப்பிடித்ததில் உடம்பில் 40 சதவீதம் வெந்துவிட்டது. முதல் நாள் எங்களோடு நன்றாகப் பேசியவருக்கு அன்று இரவே குழாய் போட்டுவிட்டார்கள். ஆறு நாட்களாக வென்டிலேட்டரில் இருக்கிறார். பிழைப்பாரா?

பதில்: பேசிக்கொண்டிருந்தவருக்கு ஏன் குழாய் என்ற வேதனை உங்கள் கேள்வியில் தெரிகிறது. அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். சூடான புகையை இழுத்தவரின் தொண்டை உடனே அடைத்துக்கொள்வதில்லை. வீக்கம் மணிக்கணக்கில் ஏறி, முதல் ஒன்றிரண்டு நாட்களில் உச்சம் தொடும். முற்றிலும் வீங்கிய பிறகு குழாயை உள்ளே செலுத்துவது மிகக் கடினம். ஆகவே பேசும்போதே போடுவதுதான் பாதுகாப்பு. அன்று இரவு எடுத்த முடிவு அவருடைய உயிரைக் காப்பாற்றியிருக்கக்கூடும்.

வென்டிலேட்டர் தேவைப்படுவோருக்கு ஆபத்து அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்த ஆபத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் வயது, வெந்த பரப்பு, புகையால் நுரையீரலுக்கு நேர்ந்த சேதம் ஆகிய மூன்றும்தான். தீக்காய மருத்துவர்கள் வயதையும் சதவீதத்தையும் கூட்டி, புகைக் காயம் இருந்தால் 17 சேர்த்துக்கொள்வதுண்டு. உங்கள் அண்ணனுக்குப் புகைக் காயம் உறுதியானால் 99 வரும். இந்தக் கணக்கு தொடங்கிய 1961 வாக்கில் நூறை நெருங்கினாலே கைவிரித்துவிடுவார்கள். இன்று தேர்ந்த தீக்காயப் பிரிவுகளில் நூறைத் தாண்டியவர்கள் பலர் வீடு திரும்புகிறார்கள். இது ஒரு மதிப்பீடுதான். தனி ஒருவரின் விதியை அது எழுதிவிடாது.

ஆறாம் நாளில் எனக்குள்ள பெரிய கவலை கிருமித்தொற்று. தோல் என்ற அரண் போய்விட்டது; குழாய் வழியாகக் கிருமி நுரையீரலுக்கு இறங்க வழி இருக்கிறது. நிமோனியாவும் ரத்தத்தில் பரவும் தொற்றும்தான் இந்தக் கட்டத்தில் உயிரைப் பறிப்பவை. அதனால் வெந்த தோலை விரைவில் அகற்றி ஒட்டுத்தோல் வைப்பது நுரையீரலுக்கும் செய்கிற சிகிச்சைதான். அறுவை எப்போது என்று கட்டாயம் கேளுங்கள்.

தினமும் மருத்துவரிடம் மூன்று விஷயங்களை விசாரியுங்கள்: ஆக்சிஜன் அளவைக் குறைக்க முடிகிறதா, ரத்த அழுத்தம் விழாமல் தாங்க மருந்து தேவைப்படுகிறதா, சிறுநீரகம் ஒழுங்காக இயங்குகிறதா. ஒரு நாள் விடையை வைத்து மகிழவோ உடைந்துபோகவோ வேண்டாம். மூன்று நான்கு நாட்களின் போக்கைப் பாருங்கள். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் தேவைப்பட்டால் நிலைமை கடுமையாகிவிட்டது என்று பொருள்.

40 சதவீதக் காயத்துக்கு மருத்துவமனை வாசம் ஏறக்குறைய 40 நாட்கள் என்று கணக்கிடுவது எங்கள் வழக்கம். நுரையீரல் பாதிப்பு இருந்தால் அதைவிட நீளும். நாட்கள் கூடக்கூடக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்கலாம் என்பார்கள். பயப்படாதீர்கள், பெரும்பாலும் அது தற்காலிக ஏற்பாடுதான்.

மயக்க மருந்தில் இருந்தாலும் அருகில் நின்று பெயர் சொல்லிப் பேசுங்கள். குழாயை எடுத்ததும் அவர் தண்ணீர் கேட்பார். விழுங்கும் திறனைச் சோதித்து மருத்துவர் சம்மதிக்கும் வரை ஒரு சொட்டும் கொடுக்க வேண்டாம். அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.