மாத்திரை இறங்கும் நேரத்தில் ஏறுகிற பயம்

கேள்வி: எனக்கு வயது 64. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன், காவேரிப்பட்டணம் பக்கம் வீடும் கொஞ்சம் மாந்தோப்பும் இருக்கிறது. ஐந்து வருடமாக பார்க்கின்சன், அதாவது நடுக்குவாத நோய். காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு எட்டு மணிக்கு லெவோடோபா மாத்திரை, கூடவே ராத்திரி ப்ரமிபெக்சோல் ஒன்று போடுகிறேன். கை நடுக்கம்கூடப் பழகிவிட்டது டாக்டர், இந்தப் பயம்தான் பழகவில்லை. மதியம் பன்னிரண்டரைக்கு மேல் நெஞ்சு படபடக்கிறது, வேர்க்கிறது, என்னவோ நடக்கப் போகிறது என்று இருக்கிறது. சாயங்காலம் ஆறரைக்கும் அப்படியே. கடையில் சில்லறை எண்ணும்போது பின்னால் ஆள் நின்றால் கை இன்னும் ஆடுகிறது. கோபமும் அப்படித்தான், ஞாயிற்றுக்கிழமை மகன் குடும்பம் வந்தால் சண்டையில்தான் முடிகிறது, போன வாரம் தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அதைவிட மோசம், தூக்கத்தில் மனைவியை அடித்திருக்கிறேன், எனக்கு நினைவே இல்லை. படுத்த படுக்கையாகிவிடுவேனோ என்று நினைத்தால் தூக்கம் போய்விடுகிறது. பூனைக்காலி பொடி சாப்பிட்டால் சரியாகும் என்கிறார்கள், சாப்பிடலாமா? மகன் என் டி.வி.எஸ். 50 சாவியை ஒளித்து வைத்துவிட்டான், அது சரியா? (பெயர் வேண்டாம்.)

பதில்: ஐயா, கண்டக்டராக இருந்தவர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது, எல்லாவற்றுக்கும் மணி போட்டிருக்கிறீர்கள். அதுவே பாதி வேலையை முடித்துவிட்டது. காலை எட்டு மணி மாத்திரையின் வேகம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கெல்லாம் இறங்க ஆரம்பிக்கும். இரண்டு மணி மாத்திரை ஆறு, ஆறரைக்கு. உங்கள் பயம் வருவதும் சரியாக அதே நேரம். நோய் வந்து சில வருடம் ஆன பிறகு ஒரு வேளை மாத்திரை அடுத்த வேளை வரைக்கும் தாங்காமல் போவது இந்த நோயில் சகஜம். அப்போது கை கால் இறுகுவது, நடை குறைவது மட்டும்தான் நடக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை, சிலருக்கு உடம்பு இறுகுவதற்கு முன்னாடியே மனசு இறுகிவிடும். படபடப்பு, வேர்வை, காரணமே இல்லாத பயம், அழுகை, எரிச்சல், எல்லாம் மாத்திரை இறங்கும்போது வரலாம், அடுத்த மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் போய்விடலாம். தொப்பூர் கணவாயில் டீசல் குறைந்த வண்டி திணறினால் டிரைவருக்குத் தைரியம் இல்லை என்று யாராவது சொல்வார்களா?

இந்த நோயை முதன்முதலில் விவரமாக எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சன், 1817-ல், புலன்களும் அறிவும் பாதிக்கப்படுவதில்லை என்று எழுதிவைத்தார். அதனாலோ என்னவோ ரொம்ப காலம் டாக்டர்கள் கையையும் காலையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். மூளையில் டோபமின் என்ற ரசாயனம் குறைவதால் அசைவு கெடுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை, லெவோடோபா ஈடுகட்டுவது அதைத்தான். டோபமினோடு செரட்டோனின், நார்அட்ரினலின் இரண்டும் சேர்ந்து குறைகின்றன, பயத்தையும் மனநிலையையும் பிடித்து வைத்திருப்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. பார்க்கின்சன் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பதற்றம் இருக்கிறது, சிலருக்கு நடுக்கம் தொடங்குவதற்குப் பல வருடம் முன்னாலேயே அது வந்துவிடுகிறது. ஆகவே இத்தனை வருஷம் ஓடுகிற பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே நின்று டிக்கெட் கிழித்தவன் இப்படிக் கோழையாகிவிட்டேனே என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஒரு விஷயம் முதலில். 64 வயதில் நெஞ்சு படபடப்பும் வேர்வையும் என்றால், அதைப் பார்க்கின்சன் கணக்கில் எழுதிவிடுவதற்கு முன் ஒரு ஈ.சி.ஜி., ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு பார்த்துவிடுங்கள். ரத்த அழுத்தத்தை உட்கார்ந்து ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோயிலும் இந்த மாத்திரைகளிலும் எழுந்ததும் பிரஷர் இறங்கலாம், அந்தத் தலைசுற்றலையும் பயம் என்றே பலர் சொல்கிறார்கள். நெஞ்சை அழுத்துகிற மாதிரி வலி, இடது கைக்கோ தாடைக்கோ இழுக்கிற வலி வந்தால் மணி பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அது சரியாக இருக்கிறது என்றால், ஒரு வாரம், பத்து நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், உடம்பு லேசாக இருந்த நேரம், இறுகின நேரம், பயமோ கோபமோ வந்த நேரம். அவ்வளவுதான், கதை எழுத வேண்டாம். எழுத்து பொடிப்பொடியாகப் போகிறது என்றால் மனைவியை எழுதச் சொல்லுங்கள், எழுத்து சிறுத்துப்போவதும் இந்த நோயின் வேலைதான். அந்த நோட்டை உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் காட்டினால் அவர் மாத்திரையை மூன்று வேளையிலிருந்து நான்கு, ஐந்து வேளையாகப் பிரிக்கலாம், மாத்திரையின் வேலையை நீட்டிக்கிற இன்னொன்றைச் சேர்க்கலாம். அதை அவர்தான் செய்ய வேண்டும். பயம் வந்ததே என்று நீங்களாக ஒன்று கூடுதலாகப் போடுவதும் தப்பு, வெறுத்துப்போய் திடீரென்று நிறுத்துவது அதைவிடப் பெரிய தப்பு. சட்டென்று நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடம்பு விறைப்பு, நினைவு தடுமாற்றம் என்று உயிருக்கே ஆபத்தாகப் போன ஆட்கள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். மகன் வருவதால் சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் நான் கேட்பது வேறு, ஞாயிறு மதியம் இலையில் என்ன? கறிக்குழம்பும் களியும், இரண்டாவது தடவை கறியும் என்றால், இரண்டு மணி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின்னால் போட்டிருந்தால், அந்த மாத்திரை அன்றைக்குச் சரியாக ஏறியிருக்காது. கறி, முட்டை, பருப்பு, பால் இவற்றில் இருக்கிற புரதம் குடலில் லெவோடோபாவோடு போட்டி போடும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாலோ, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தோ மாத்திரை போடுங்கள், வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு பிஸ்கட்டோடு. கறியை விட வேண்டியதில்லை, ராத்திரிக்குத் தள்ளி வையுங்கள், அந்த நேரம் நடக்க வேண்டியதும் பேச வேண்டியதும் குறைவு. மலச்சிக்கல் இருந்தால் அதையும் சரி செய்யுங்கள், வயிறு மந்தமாக இருந்தால் மாத்திரையும் மந்தம்தான்.

கோபத்தைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் கோபம் என்று ஒரே பையில் போட்டுக் கொடுத்ததில் கோபமே இல்லாததும் இருக்கிறது.

தூக்கத்தில் மனைவியை அடித்தது கோபம் கிடையாது. கனவு காணும்போது நம் உடம்பு அசையாதபடி மூளை கட்டிப்போட்டு வைக்கும், பார்க்கின்சனில் அந்தக் கட்டு தளர்ந்துவிடும், கனவில் யாரையோ தள்ளிவிடுகிறீர்கள், கை நிஜமாகவே வீசுகிறது. பலருக்கு இது நோய் தெரிவதற்கு முன்பே தொடங்கியிருக்கும், உங்கள் மனைவியைக் கேட்டுப் பாருங்கள், முன்னாலும் கத்தியிருக்கிறீர்களா, உதைத்திருக்கிறீர்களா என்று. இதற்கு மருந்து இருக்கிறது, டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவரைக்கும் அவர் தனிக் கட்டிலில் படுக்கட்டும், உங்கள் பக்கத்தில் செம்பு, டார்ச் லைட், முனை உள்ள ஸ்டூல் எதுவும் வேண்டாம். இந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். இத்தனை நாள் அவர் மனசில் என்ன ஓடிக்கொண்டிருக்கிறதோ.

அப்புறம் முகம். முகத்துத் தசைகளும் இறுகுவதால் கண் இமைப்பது குறையும், சிரிப்பு வெளியே வராது. உள்ளே நீங்கள் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள், மருமகளோ 'மாமா முறைச்சுப் பாக்கறாரு' என்று நினைத்துக்கொண்டு பேசாமல் போய்விடுவார், அதைப் பார்த்து உங்களுக்கு நிஜமாகவே கோபம் வரும். குரலும் இப்படித்தான். நீங்கள் சத்தமாகச் சொன்னதாக நினைப்பது அவர்கள் காதுக்கு முணுமுணுப்பு, 'என்ன, என்ன' என்று மூன்றாவது தடவை கேட்கும்போது தட்டு பறக்கிறது. இரண்டையும் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டும், நீங்கள் சொல்வதைவிட டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள், எடுபடும். குரலுக்கு ஒரு பயிற்சி, நீங்கள் செய்து பழகினதுதான்: மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரத்தில் தோப்பில் நின்று 'கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், காரிமங்கலம், தருமபுரி' என்று பஸ் ஸ்டாண்டில் கூவின மாதிரி நாலைந்து தடவை கூவுங்கள். பேச்சுப் பயிற்சியாளர்கள் செய்யச் சொல்வதும் இதைத்தான், கூச்சப்படாமல் பெரிய குரலில் பேசு என்பதுதான் அதன் அடிப்படை.

ராத்திரி போடுகிற ப்ரமிபெக்சோல் பற்றியும் ஒரு வார்த்தை. டோபமின் மாதிரியே மூளையில் வேலை செய்கிற இந்த வகை மாத்திரையில் சிலருக்கு ஒரு விஷயத்தை நிறுத்த முடியாமல் போகும், மொபைலில் ரம்மி, தேவையில்லாத செலவு, ராத்திரி எழுந்து தின்பது, அளவு மீறிய காம உணர்வு. யாராவது தடுத்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும். உங்களுக்கு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் இதை யாரும் தானாக எழுதுவதில்லை, வெட்கம். இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும், இதையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இவ்வளவு கழித்த பிறகும் மிச்சம் ஒரு கோபம் இருக்கும், அது நியாயமானது. சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் வந்து கையைத் தட்டிவிட்டுப் போட்டால் யாருக்குத்தான் வராது. அதற்கு மாத்திரை கிடையாது, 'நான் கேட்டால் மட்டும் உதவு, பத்து நிமிஷம் ஆனாலும் பரவாயில்லை' என்று மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் சொல்லி வைப்பதுதான் வழி. இறங்கின நேரத்தில் பண விஷயம், தோப்புக் குத்தகை, சொத்துப் பேச்சு எதையும் எடுக்க வேண்டாம் என்று மகனோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். சண்டை சூடாகிவிட்டால் எழுந்து போக வேண்டியவர் அவர், நீங்கள் அல்ல. கோபத்தோடு வேகமாக எழுந்து திரும்பினால் கால் ஒட்டிக்கொள்ளும், விழுவீர்கள்.

நிலைப்படியில், பாத்ரூம் வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறதா? அவசரப்பட்டால் இன்னும் ஒட்டும். நில்லுங்கள், மூச்சை மெதுவாக விடுங்கள், எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுங்கள், பிறகு 'ரைட்... ரைட்' என்று வாய்விட்டுச் சொல்லி அந்தத் தாளத்துக்கு அடி எடுத்து வையுங்கள். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் தாளமும் தரையில் ஒரு கோடும் பலருக்கு நின்ற காலை நகர்த்திவிடுகின்றன. வாசல்படிக்கு முன்னால் கலர் டேப் ஒட்டி அதைத் தாண்டிப் பாருங்கள். பாத்ரூமில் கைப்பிடி, ராத்திரி எரிகிற சின்ன விளக்கு, திரும்பும்போது வட்டமடித்துத் திரும்புவது. முன்னால் நின்று கையைப் பிடித்து இழுக்க யாரையும் விடாதீர்கள்.

கடைச் சில்லறைக்கு: யாராவது பார்க்கிறார்கள் என்று நினைத்த மாத்திரத்தில் நடுக்கம் கூடுவது இந்த நோயின் இயல்பு. நோட்டுகளை வீட்டிலேயே தனித்தனியாக மடித்து எடுத்துப் போங்கள், கடைக்காரரிடம் 'எனக்கு நரம்புக் கோளாறு, மெதுவாகத்தான் எடுப்பேன்' என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள். மறைக்க மறைக்கத்தான் ஆடும். கடைக்குப் போவதை மட்டும் நிறுத்தாதீர்கள், ஒரு இடத்தைத் தவிர்க்க ஆரம்பித்தால் பயம் அடுத்த இடத்தையும் கேட்கும்.

படுத்த படுக்கை பற்றிக் கேட்டீர்கள். இது மெதுவாக நகர்கிற நோய், ஆளுக்கு ஆள் வேகம் வேறு, உங்களுக்கு எப்படிப் போகும் என்று நாள் குறித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. ஐந்து வருடம் ஆன பிறகும் நீங்களே கடைக்குப் போகிறீர்கள், தோப்பில் நடக்கிறீர்கள், அது நல்ல நிலைமைதான். படுக்கையில் தள்ளுவது பல நேரம் ஒரு இடுப்பு எலும்பு முறிவு, ஆகவே தினமும் நடை, உட்கார்ந்து எழுகிற பயிற்சி, கை கால் நீட்டல், இவை மாத்திரைக்குச் சமம், பதற்றத்துக்கும் நல்லது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் தொடங்கினதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான், அதில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் உண்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மாத்திரை நேரம் மாற்றியும் பயம் போகவில்லை, எதிலும் பிடிப்பில்லை, காலையில் எழவே மனசில்லை என்றால் அதற்குத் தனிச் சிகிச்சை வேண்டும், மனநல ஆலோசனையும், தேவைப்பட்டால் மருந்தும். கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, பார்க்கின்சன் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், சில மருந்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. செத்துவிடலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் நாளைக்கு என்று தள்ளாமல் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு 14416-க்குப் பேசுங்கள், டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசில்லை, தமிழிலேயே பேசலாம். இன்னொரு எச்சரிக்கை: வாந்தி, தலைசுற்றல் என்று பக்கத்துக் கிளினிக்குப் போனால் பார்க்கின்சன் இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். மெட்டோகுளோபிரமைட், ப்ரோகுளோர்பெரசின், சின்னரிசின், ப்ளூனரிசின் இவை நடுக்கத்தையும் இறுக்கத்தையும் கூட்டிவிடும்.

பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது உண்மை, அதனால்தான் வேண்டாம் என்கிறேன். ஏற்கனவே அதே மருந்தை அளந்து சாப்பிடுகிறீர்கள், பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று அளவு கிடையாது. இரண்டும் சேர்ந்தால் உடம்பு தானாக நெளிவது, பிரஷர் இறங்குவது, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரலாம்.

சாவி விஷயத்தில் மகன் செய்தது சரி, செய்த விதம் தப்பு. இப்போதைக்கு வண்டியை எடுக்காதீர்கள். இறுகின நேரத்தில் பிரேக் பிடிக்கக் கை வராது, ப்ரமிபெக்சோலில் திடீரென்று கண் சொக்குவதும் உண்டு, காவேரிப்பட்டணம் பக்கம் நெடுஞ்சாலையைக் கடந்துதான் எங்கேயும் போக வேண்டியிருக்கிறது. ஆனால் ஒளித்து வைத்தால் அது அவமானம். சாவியை அவன் உங்கள் கையில் கொடுக்கட்டும், நீங்களே பூட்டி வையுங்கள். நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அவனையும் கூட்டிப் போய், வண்டி ஓட்டலாமா என்று இரண்டு பேரும் உட்கார்ந்தே கேளுங்கள்.