குழுவில் நான்தான் கடைசியாக வருகிறேன். என் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தையும் எல்லோரோடும் பகிர வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: சென்னையில் ஓர் ஓட்டக் குழுவில் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன, ஞாயிறு காலை ஓடி முடித்த கையோடு எல்லோரும் தூரத்தையும் நேரத்தையும் வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள், ஒரு கிலோமீட்டருக்கு 9 நிமிடம் எடுத்துக்கொள்ளும் நீங்களும் போட வேண்டுமா, போட்டால் அதனால் யாருக்கு என்ன பயன்?

போடுங்கள். மற்ற எவருடைய பதிவையும்விட உங்களுடைய பதிவுதான் அந்தக் குழுவுக்கு அதிகம் தேவை என்று நான் சொன்னால், ஆறுதலுக்காகச் சொல்வதாக நினைப்பீர்கள். அப்படி இல்லை; இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சினான் ஆரல், கிறிஸ்டோஸ் நிக்கோலைடஸ் என்ற இருவர், ஓட்டத்தைப் பதிவுசெய்து நண்பர்களோடு பகிரும் வலைப்பின்னல் ஒன்றில் இருந்த சுமார் 11 லட்சம் பேரின் ஐந்தாண்டுப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து, முடிவுகளை 2017-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். நண்பர்கள் இயல்பிலேயே ஒத்த பழக்கமுள்ளவர்களாக இருப்பதால், இவர் ஓடியதைப் பார்த்து அவர் ஓடினாரா, அல்லது இருவருமே எப்படியும் ஓடியிருப்பார்களா என்று பிரித்தறிவது கடினம். அதற்கு அவர்கள் வானிலையைப் பயன்படுத்திக்கொண்டார்கள்: ஓர் ஊரில் மழை பெய்து அங்குள்ளவர் ஓடாமல் இருந்தால், மழையே இல்லாத வேறோர் ஊரில் இருக்கும் அவருடைய நண்பரின் ஓட்டம் அன்று எப்படி மாறுகிறது என்று கணக்கிட்டார்கள். நண்பர்கள் ஒரு கிலோமீட்டர் கூடுதலாக ஓடினால், அதைப் பார்ப்பவர் அன்றே சுமார் 300 மீட்டர் கூடுதலாக ஓடுகிறார் என்று தெரியவந்தது. உங்கள் கேள்விக்கு நேராக விடை சொல்வது அடுத்த முடிவு: குறைவாக ஓடுபவர்களின் பதிவு நிறைய ஓடுபவர்களை உந்துகிறது, நிறைய ஓடுபவர்களின் பதிவு குறைவாக ஓடுபவர்களை அப்படி உந்துவதில்லை.

யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. மூன்றரை மணி நேரத்தில் மாரத்தானை முடிப்பவரின் பதிவைப் பார்த்துப் புதியவர் எழுந்து ஓடுவதில்லை; 'அவர் கதை வேறு' என்று கடந்துபோய்விடுகிறார். ஆனால் நேற்றுச் சேர்ந்தவர் 7 கிலோமீட்டர் ஓடியிருப்பதைப் பார்க்கும் பழைய ஆளுக்கு, மறுநாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்க மனம் வருவதில்லை. ஆண்களை இரு பாலாருடைய ஓட்டமும் பாதிக்கிறது என்றும், பெண்களைப் பெண்களின் ஓட்டம் மட்டுமே பாதிக்கிறது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே நீங்கள் பெண்ணாக இருந்தால், ஆண்கள் நிறைந்த குழுவில் உங்கள் பதிவுக்கு இருக்கும் மதிப்பு இன்னும் ஒரு படி கூடுதல்.

இனி, எதைப் பகிர்வது என்ற கேள்வி. ஓட்டத்தைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியிலிருந்து, நேரத்தையும் தூரத்தையும் காட்டும் படத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் போகாதீர்கள் என்பதே என் அழுத்தமான கருத்து. எங்கள் குழுவில் ஐம்பது வயதைக் கடந்த ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய பதிவுகள் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "பெசன்ட் நகரிலிருந்து சாந்தோம் வழியாகக் கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பினேன். திரு.வி.க. பாலத்து ஏற்றத்தில் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கடைசி மூன்று கிலோமீட்டர் நடையும் ஓட்டமுமாக வந்தேன். கொண்டுபோன உப்பு எலுமிச்சைச் சாறு பாதியிலேயே தீர்ந்துவிட்டது. வீட்டில் வந்து இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை." இதில் வேகம் எங்கும் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் அனுபவசாலிக்கு, அவர் தொடக்கத்தில் வேகமாகப் போயிருக்கிறார் என்பதும், உப்பு போதவில்லையோ என்று பார்க்க வேண்டும் என்பதும், அடுத்த வாரம் தூரத்தைக் கூட்டக் கூடாது என்பதும் புரிந்துவிடும். அதன்பின் வரும் மறுமொழிகள் கேள்விகளாக வரும்: காலணி புதியதா, முந்தின நாள் எவ்வளவு தூங்கினீர்கள், பாலத்தில் நடந்தே ஏறிப் பார்த்தால் என்ன? ஓடுபவருக்கு இப்படி ஒரு கேள்வி தரும் ஊக்கத்தை இருபது கட்டைவிரல் குறிகள் தருவதில்லை. தன் ஓட்டத்தை யாரோ ஒருவர் உண்மையிலேயே படித்திருக்கிறார் என்பது அவருக்கு அதில்தான் தெரிகிறது.

வெறும் எண்ணைப் பகிர்வது நம் ஊரில் கூடுதலாக ஏமாற்றும் என்பதற்குக் காரணம் கடற்கரைப் புழுக்கம். உடலின் வெப்பம் வியர்வை வழிவதால் தணிவதில்லை; அந்த வியர்வை ஆவியாவதால்தான் தணிகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும்போது வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். வெப்பத்தை வெளியேற்றுவதற்காக உடல் தோலுக்குக் கூடுதல் இரத்தத்தை அனுப்ப, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கும். ஜனவரியில் மெரினாவில் சிரித்துப் பேசிக்கொண்டு ஓடிய வேகம், மே மாதத்தில் விடியுமுன் ஓடினாலும் மூச்சு வாங்க வைப்பது இதனால்தான். அதே நாளில் உதகையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒருவர் போடும் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

எண் செய்யும் இன்னொரு தீங்கு, மெதுவாக ஓட வேண்டியவர்களையும் அது விரட்டுவது. உச்ச நிலையில் இருக்கும் நெடுந்தூர வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை நார்வேயில் பணிபுரியும் உடலியங்கியல் அறிஞர் ஸ்டீஃபன் சைலர் ஆராய்ந்தபோது, அவர்களுடைய பயிற்சிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு எளிதாகப் பேசிக்கொண்டே செய்யக்கூடிய மட்டத்தில்தான் இருந்தது. பொழுதுபோக்காக ஓடும் நாமோ இதற்கு நேர்மாறாக, எல்லோரும் பார்ப்பார்களே என்று ஒவ்வொரு ஞாயிறையும் பந்தய நாளாக்கிவிடுகிறோம். பதிவின் தலைப்பில் 'ஈஸி ரன்' என்று இருக்கும். நெஞ்சுத் துடிப்புக் கோடு மலையேறியிருக்கும். (இதைப் படிக்கும் என் குழுவினர் சிலருக்கு இந்நேரம் இருமல் வந்திருக்கும்.)

ஞாயிறு நீண்ட ஓட்டம் என்ற வழக்கத்துக்குப் புகழ் சேர்த்தவர்களில் முதன்மையானவர் நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வென்ற பீட்டர் ஸ்னெல்லைக்கூட அவர் ஆக்லாந்தின் குன்றுச் சாலைகளில் 22 மைல் ஓட வைத்தவர். அதே லிடியார்ட், இதய நோயாளிகளும் நடுத்தர வயதினரும் கொண்ட மெல்லோட்டக் குழு ஒன்று 1962-இல் ஆக்லாந்தில் உருவாகக் காரணமாக இருந்தார். "பேச முடியாத அளவுக்கு ஓடாதீர்கள்" என்பதே அவர்களுக்கு அவர் சொன்னதன் சாரம். அந்த ஆண்டின் இறுதியில் அங்கே வந்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், பின்னாளில் நைக்கி நிறுவனமாக வளர்ந்த வணிகத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர், அவர்களோடு ஓடப் போய்ப் பின்தங்கிவிட்டார். எழுபது வயதைக் கடந்த, மாரடைப்பிலிருந்து மீண்ட ஒரு முதியவர்தான் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்தபடியே அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஊர் திரும்பிய பவர்மன் ஓரிகன் மாநிலத்தில் பொதுமக்களுக்கு மெல்லோட்ட வகுப்புகளைத் தொடங்கினார். அமெரிக்காவில் மெல்லோட்டம் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஊக்கப்படுத்துவதாக நினைத்துச் சொல்லப்படும் சிலவற்றை நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவே கூடாது. "வலியோடும் ஓடி முடித்தேன்" என்று ஒருவர் எழுதினால் நம் குழுக்களில் அதற்குத்தான் கைதட்டல் அதிகம். "கலக்கிட்டீங்க சார்", "வேற லெவல் ப்ரோ" என்று வரிசையாக வரும். தசை முழுவதும் பரவலாக வலிப்பது வேறு. முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் ஒரே இடத்தில் விரலால் அழுத்தினால் சுரீரென்று வலிப்பது வேறு. இரண்டாவது, எலும்பில் நுண்முறிவாக இருக்கக்கூடும். அதற்குத் தேவை ஓய்வும் மருத்துவரும்தான், வாழ்த்து அல்ல. நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்ததாக யாராவது எழுதினால், குழுவில் ஆலோசனை நடத்தாமல் உடனே அவரை அழைத்துப் பேச வேண்டும். "தண்ணீரை நிறையக் குடியுங்கள்" என்பதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியதல்ல: 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட 488 ஓட்டக்காரர்களில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச்சத்து, குறைந்திருந்தது; ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்கு நீர் குடித்ததுதான் அதற்கு வலுவான காரணமாகக் கண்டறியப்பட்டது. தாகத்துக்குக் குடித்து, நீண்ட ஓட்டங்களில் உப்பும் சேர்த்துக்கொள்வது போதும்.

கடைசியாக வருபவர் என்ற நிலையைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு கூச்சம் தெரிகிறது. அது உங்கள் கூச்சமாக இருக்க வேண்டியதில்லை. அதைக் கவனிக்க வேண்டியது குழு. 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கிய பார்க்ரன், இன்று பல நாடுகளில் வாரந்தோறும் நடக்கும் இலவச 5 கிலோமீட்டர் ஓட்டம். அதில் ஒவ்வொரு நிகழ்விலும் ஒரு தன்னார்வலர் எல்லோருக்கும் பின்னால் நடந்துவந்து கடைசியில் எல்லையைக் கடப்பார். ஆகவே, பங்கேற்க வந்தவர் யாரும் கடைசி ஆளாக ஆவதே இல்லை. மிக எளிய ஏற்பாடு, ஆனால் ஆயிரம் வாழ்த்துச் செய்திகளைவிட வலிமையானது. நம் குழுக்கள் சிலவற்றிலோ, கடைசி ஆள் வந்துசேர்வதற்குள் குழுப்படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் ஏற்றி, வடையும் காபியும் சாப்பிட்டு வண்டியைக் கிளப்பியிருப்பார்கள். உங்கள் குழு இவற்றில் எந்த வகை என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே கண்டுகொள்ளலாம். இரண்டாவது வகையாக இருந்தால், முறை வைத்து ஒருவர் பின்னால் ஓட வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளரிடம் தயங்காமல் கேளுங்கள். பெரும்பாலும் யாருக்கும் தோன்றாமல் விட்டுப்போன விஷயமாகத்தான் இருக்கும்.

பகிரும்போது ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். வாசல்படியில் கடிகாரத்தைத் தொடங்கி வாசல்படியிலேயே நிறுத்தினால், வரைபடம் உங்கள் வீட்டையும், நீங்கள் இருட்டில் தனியாகப் போகும் தெருவையும், போகும் நேரத்தையும் சேர்த்தே அறிவித்துவிடும். பயனர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் திரட்டி ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தில் இராணுவ முகாம்களின் அமைப்பே வெளிச்சத்துக்கு வந்து 2018 ஜனவரியில் பெரிய சர்ச்சையானது. செயலியின் அமைப்புகளில் தொடக்க, முடிவு இடங்களை மறைக்கும் வசதி இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். விடியுமுன் ஓடப்போகும் பெண்கள் வரைபடத்தையே போடாமல், எங்கே ஓடினோம் என்பதை ஓடி முடித்தபின் எழுத்தில் மட்டும் சொல்வது இன்னும் நல்லது.

வருகிற ஞாயிறு உங்கள் தூரத்தை ஓடி முடித்து, குளித்துச் சாப்பிட்டபின், நான்கு வரி எழுதுங்கள்: எங்கே ஓடினீர்கள், எந்த இடத்தில் கடினமாக இருந்தது, எதைச் சாப்பிட்டீர்கள் அல்லது குடித்தீர்கள், அடுத்த வாரம் எதை மாற்றப்போகிறீர்கள். வேகத்தைப் போட விருப்பம் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கூடவே வேறு ஒருவருடைய பதிவைப் படித்து, அதில் சொல்லப்பட்ட ஏதாவது ஒன்றைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சில வாரங்கள் இப்படிச் செய்தும் கட்டைவிரல் குறிகளுக்கு மேல் எதுவும் வரவில்லை என்றால், அந்தப் பெரிய குழுவில் பெயருக்கு இருந்துகொண்டு, உங்களைப் போலவே 8, 9 நிமிடத்தில் ஓடும் மூன்று நான்கு பேரைத் தேடிப் பிடித்துத் தனியாக ஒரு சிறு குழுவைத் தொடங்கிவிடுங்கள். அவர்கள் அங்கே நிச்சயமாக இருப்பார்கள், உங்களைப் போலவே பதிவிடாமல் இருப்பதால்தான் இன்னும் உங்கள் கண்ணில் படவில்லை.