உங்கள் ஊர்ப் பள்ளத்தின் சர்வே எண் என்ன?

கேள்வி: நொய்யலைக் காப்போம் என்று வருசத்துக்கு ஒரு ஊர்வலம், ஒரு மரம் நடு விழா, ஒரு மனு. பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ஆற்றில் சாக்கடைதான் ஓடுகிறது. ஊர் ஜனம் கூடி ஒரு ஆற்றைக் காப்பாற்றிவிட முடியும் என்று இன்னுமா நம்புகிறீர்கள்?
- வாசகர் ஒருவர், சூலூர் வட்டம்

பதில்: நம்புகிறேன். நம் கண்ணெதிரே நடந்திருக்கிறது.

சென்னிமலைப் பக்கம் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்தார்கள். கொஞ்ச வருசத்திலேயே அதில் தேங்கி நின்றது திருப்பூர்ச் சாயக்கழிவு. அணைக்குக் கீழே ஒரு தோட்டத்து வீட்டில் ஒரு பெரியம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "இந்தத் தண்ணியில பருப்பு வேக மாட்டீங்குதுங்க." கிணற்று மேட்டில் தண்ணீர் சிந்திக் காய்ந்த இடமெல்லாம் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது.

அந்த ஜனம் புலம்பிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. ஆயக்கட்டு விவசாயிகள், அதாவது நொய்யல் பாசன நிலக்காரர்கள், சங்கமாகச் சேர்ந்து உயர் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீரை ஆற்றில் விடவே கூடாது என்று 2006-ல் உத்தரவு வாங்கினார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றது. அதற்குப் பிறகும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அன்றைக்கு வேலை போன பட்டறைத் தொழிலாளியும் நம் ஜனம்தான். அந்த வலியை மறைத்துவிட்டு இதை வெற்றிக்கதையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆரம்பத்திலேயே சட்டத்தை அமல்படுத்தியிருந்தால் இரண்டு பக்கமும் அடி விழுந்திருக்காது.

உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஆறு என்றதும் ஆற்றை மட்டும் பார்க்கிறீர்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து சுமார் 180 கிலோமீட்டர் ஓடிக் காவிரியில் சேர்கிற நொய்யலுக்கு, வழி நெடுக நீர் கொடுத்தவை பள்ளங்கள் என்று நாம் சொல்கிற ஓடைகள். சங்கனூர்ப் பள்ளம் ஒன்று, குருடிமலையிலிருந்து வருகிற கௌசிகா நதி ஒன்று. நாலு ஊருக்கு மட்டும் பெயர் தெரிந்த சின்னப் பள்ளங்கள் இன்னும் எத்தனையோ. அவை அடைபட்டால் மழைத்தண்ணீர் ஆற்றுக்கு வராது, வீட்டுக்குள்தான் வரும். ஆற்றுக்கு மிஞ்சுவது நீங்கள் சொன்ன சாக்கடை.

ஒரு கிராமத்தில் சர்வேயரோடு நானும் நடந்திருக்கிறேன். நில அளவை வரைபடத்தில் இரண்டு மாட்டுவண்டி ஒதுங்கிப் போகிற அகலத்துக்குப் பள்ளம் இருந்தது. தரையில் ஒரே எட்டில் தாண்டினோம். எல்லைக்கல்லைத் தேடி சீமைக்கருவேலம் புதருக்குள் கைவிட்டுத் தடவியபோது, கூட வந்த பையன்கள் இருவர் கடப்பாரையால் கிளறிக் கல்லைக் காட்டினார்கள். அதுவரை "யாரோட இடமோ" என்று இருந்த ஊர், கல்லைப் பார்த்ததும் "நம்ம பள்ளம்" என்று பேச ஆரம்பித்தது.

அதனால்தான் கேட்கிறேன்: உங்கள் ஊர்ப் பள்ளத்தின் சர்வே எண் தெரியுமா? கிராம நிர்வாக அலுவலரிடம், ஊர் நிலங்களைச் சர்வே எண் வாரியாக எழுதி வைத்திருக்கிற அ-பதிவேட்டைப் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். காட்ட மறுத்தால் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்துக்குக் கிராம சபை கூடும். "நொய்யலைக் காக்க வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாகத் தீர்மானம் போட்டால் அது பீரோவுக்குள் போய்விடும். இன்ன சர்வே எண், இவ்வளவு அகலம், இந்த இடத்தில் அடைப்பு, அளந்து கல் நட வேண்டும் என்று எழுதி, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகல் கலெக்டருக்கும் நீர்வளத் துறைக்கும் போகட்டும். பெண்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். தண்ணீர்க் கஷ்டத்தைத் தேதி சொல்லிப் பேசுகிறவர்கள் அவர்கள்தான்.

தீர்மானத்தின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள். சர்வே எண்ணோடு இதே பக்கத்தில் அச்சிடுகிறேன்.