ஒட்டுண்ணி தாக்கிய சிப்பியையும் மஸ்ஸலையும் சாப்பிட்டால் நமக்கு நோய் வருமா?

ஈரச்சந்தையில் வாங்கிய மஸ்ஸலை (பச்சை நிற ஓடுள்ள ஒரு சிப்பி வகை) வேகவைத்துத் திறந்தபோது உள்ளே பட்டாணி அளவில் ஒரு நண்டு கிடந்ததாகவும், அதே வாரத்தில் கனடாவின் சிப்பிகளை ஓர் ஒட்டுண்ணி அழித்து வருவதாகப் படித்ததாகவும் எழுதி, இனிமேல் இவற்றை வீட்டில் சமைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சமைக்கலாம். நீர்வாழ் உயிரினங்களின் நோய்களைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த நண்டு. கூப்பாங் என்று மலாயில் சொல்லும் பச்சை மஸ்ஸலை அடிக்கடி சமைப்பவர்கள் இதை என்றாவது பார்த்திருப்பார்கள். பெட்டை நண்டின் ஓடு விரலால் அழுத்தினால் அமுங்கும் அளவுக்கு மெத்தென்றிருக்கும். அதன் வழியே ஆரஞ்சு நிறத்தில் சினை தெரியும். மஸ்ஸல் தன் செவுளால் வடிகட்டிச் சேர்க்கும் உணவை எடுத்துத் தின்று அது ஓட்டுக்குள்ளேயே காலம் கழிக்கிறது. செவுள் சிதைவதும் சதை மெலிவதும் மஸ்ஸலுக்குத்தான் நட்டம். வெந்த நண்டு உங்களை ஒன்றும் செய்யாது.

சிப்பிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொல்பவை கண்ணுக்குத் தெரியாத ஒருசெல் உயிரிகள். 1940களில் மெக்சிகோ வளைகுடாவில் சிப்பிகள் மடிந்தபோது வளர்ப்பாளர்கள் எண்ணெய் நிறுவனங்களைத்தான் குற்றம் சாட்டினார்கள். அதையொட்டி நடந்த ஆய்வில், இன்று பெர்கின்சஸ் மரினஸ் எனப்படும் ஒட்டுண்ணி வெளிப்பட்டு, 1950இல் விவரிக்கப்பட்டது. அது உண்டாக்கும் நோய்க்கு டெர்மோ என்று பெயர். பெர்கின்சஸ் இனங்களைக் கண்டறியும் பழைய முறை எனக்கு இன்றும் பிடித்தமானது: சிப்பியின் செவுளிலோ மலக்குடலிலோ சிறு துண்டு வெட்டி, தையோகிளைகோலேட் என்ற வளர்ப்புத் திரவத்தில் ஐந்து முதல் ஏழு நாள் இருட்டில் வைத்து, பிறகு நசுக்கி ஒரு சொட்டு அயோடின் விட்டால், ஒட்டுண்ணி இருக்கும் இடமெல்லாம் கருநீல மணிகளாகத் தெரியும். நோய் முற்றிய சிப்பியில் சதையைக் காட்டிலும் மணிகளே அதிகமாகத் தெரியும்.

இதன் உறவினமான பெர்கின்சஸ் ஓல்சனி, இந்தியாவின் தென்கிழக்குக் கரையில் முத்துச்சிப்பிகளிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. கனடாச் செய்தி வேறோர் ஒட்டுண்ணியைப் பற்றியது. அது உண்டாக்கும் எம்எஸ்எக்ஸ் என்ற நோய் 1957இல் அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் முதலில் பேரழிவை உண்டாக்கியது. 2024இல் இளவரசர் எட்வர்ட் தீவிலும் தென்பட்டது. ஆசியாவின் பசிபிக் சிப்பி இதைப் பெரிய பாதிப்பில்லாமல் சுமக்கிறது. பழக்கமில்லாத அமெரிக்கச் சிப்பியோ சாகிறது. பிரான்ஸில் 1979இல் காணப்பட்ட பொனாமியா என்ற ஒட்டுண்ணி இன்னும் கொடியது. கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய இரத்த அணுக்களுக்குள்ளேயே குடியேறிப் பெருகுவதால், ஐரோப்பியத் தட்டைச் சிப்பியின் வளர்ப்பு இன்றுவரை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மஸ்ஸலின் செரிமானச் சுரப்பியைத் தாக்கும் மார்ட்டெயிலியா என்ற ஒட்டுண்ணியும் உண்டு.

இவை எவையும் மனிதரைத் தொற்றுவதில்லை. சிப்பியின் உடலுக்குள் வாழவே பழகியவை அவை. விதிவிலக்காக, தென் கொரியாவின் தென்மேற்குத் தீவுகளில் வேகாத சிப்பி உண்பவர்களின் குடலில் ஒரு சிறு தட்டைப்புழு தங்குவதுண்டு. நீங்கள் அஞ்ச வேண்டியவை கடல்நீரில் வாழும் விப்ரியோ பாக்டீரியாவும், வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோவைரஸும்தான். நீரிழிவோ கல்லீரல் நோயோ உள்ளவர்கள் வேகாத சிப்பியைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எலுமிச்சைச் சாறு பிழிந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று விருந்துகளில் சொல்வது தவறு. நன்றாக வேகவைப்பதே வழி. பாசிகளிலிருந்து சிப்பிக்குள் சேரும் நச்சு மட்டும் வெப்பத்திலும் அழியாது என்பதால், ஏதோ ஒரு கரையில் தானாகப் பொறுக்கியவற்றைத் தவிர்த்து, முறையான கடையில் வாங்குங்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த ஒட்டுண்ணிகளில் பலவும் உயிருள்ள சிப்பிகளை மனிதர் கடல் விட்டுக் கடல் கொண்டுசென்றபோதே பரவின. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையிலுள்ள நம் ஜொகூர் நீரிணையில் மிதவைக் கூண்டுகளிலிருந்து கயிறுகளில் மஸ்ஸலைத் தொங்கவிட்டு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான இந்த நீர் பெர்கின்சஸ் இனங்களுக்கு ஏற்றது. ஆகவே, பாசிர் ரிஸ் கரையிலோ சாங்கியிலோ வெளிநாட்டுச் சிப்பி விருந்து முடிந்தபின் ஓடுகளையும் மிஞ்சிய உயிருள்ள சிப்பிகளையும் கடலில் வீசாதீர்கள். பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். ஓட்டுக்குள் இருக்கும் நீரைக் கழிவுத்தொட்டியில் ஊற்றுங்கள்.