மாரடைப்பு காலையில் அதிகம் வருவது ஏன்?

கேள்வி இதுதான்: நைட் ஷிப்ட் பார்க்கிறேன், காலையில்தான் மாரடைப்பு அதிகம் வருமாமே, அதற்கும் தூக்கத்துக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. காலை 6 மணியிலிருந்து நண்பகல் வரை அதிகம் என்பது 1980களிலேயே அமெரிக்க ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் இருக்கும் சின்ன நரம்புக் கூட்டம்தான் உடலின் தலைமைக் கடிகாரம், கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். இருட்டியதும் மூளையில் உள்ள பீனியல் சுரப்பி மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனைச் சுரக்கும், தூங்கும்போது இதயத் துடிப்பு தணிந்து, ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். விடியும்போது அப்படியே தலைகீழ்: உடலை உசுப்பும் ஹார்மோனான கார்டிசால் ஏறும், எழுந்து நடமாட ஆரம்பித்ததும் இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும் அட்ரினலின் கூடும், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும், போதாக்குறைக்கு ரத்தக்கட்டி கரைவதைத் தடுக்கும் பிஏஐ-1 என்ற புரதமும் அந்த நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். நல்ல ரத்தக்குழாய் சமாளித்துவிடும், ஏற்கெனவே கொழுப்பு படிந்ததுதான் மாட்டிக்கொள்ளும்; அங்கே ரத்தக்கட்டி அடைத்தால் மாரடைப்பு.

சரி, நைட் ஷிப்ட்? கடிகாரம் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் என்று இழுப்பதால் ரத்த அழுத்தம் இறங்க வேண்டிய நேரத்தில் சரியாக இறங்குவதில்லை. அமெரிக்க நர்ஸுகளைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வில், சுழற்சி முறையில் நெடுங்காலம் இரவுப்பணி பார்த்தவர்களுக்கு இதய நோய் சற்றுக் கூடுதலாக இருந்தது. சற்றுதான், சிகரெட் அளவுக்கு இல்லை.

அப்புறம், ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் அட்டெனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் மெலடோனின் சுரப்பையே குறைக்கும். அது சாப்பிட்டுத் தூக்கம் கெட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.