கழுத்தில் நரம்புக் கட்டி: அறுவை பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

குன்னூரில் ஓய்வில் இருக்கும் காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவன் நான். கழுத்தில் வரும் நரம்புக் கட்டிகளைப் பற்றிப் போன மாதம் நாலு வரி எழுதப் போக, மலை முழுக்க இருந்து கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். உங்கள் ஸ்கேனையோ கழுத்தையோ நான் பார்க்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கோத்தகிரி: தாடைக்குக் கீழே எலுமிச்சை அளவில் கட்டி. வலி இல்லை. நெறிகட்டு என்றார் ஒருவர், டிபி என்றார் இன்னொருவர். இப்போது ஸ்கேனில் ஸ்வானோமா என்று போட்டிருக்கிறார்கள். புற்றுநோயா டாக்டர்?

இல்லைம்மா. நரம்பைப் போர்த்தியிருக்கும் ஸ்வான் செல்களிலிருந்து கிளம்புகிற சாதுவான கட்டி அது. புற்றாக மாறுவது மிக அபூர்வம். பெரும்பாலும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். நம் பக்கம் கழுத்து வீங்கினாலே நெறிகட்டும் கண்டமாலையும் (கழுத்து டிபி)தான் முதலில் நினைவுக்கு வரும், அதில் தப்பில்லை. பரிசோதிக்கும்போது விரலுக்கு ஒரு துப்பு கிடைக்கும்: நரம்புக் கட்டி பக்கவாட்டில் அசையும், மேலும் கீழும் அசையாது. மேலேயும் கீழேயும் நரம்பே அதைப் பிடித்து வைத்திருக்கிறது. மூளையிலிருந்து கழுத்து வழியாக மார்புக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பில் வந்த கட்டி என்றால், அழுத்தியதும் சிலருக்குக் குத்து இருமல் வரும். அதற்காக நீங்களே அழுத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொன்று. வருடம் முழுக்க மஃப்ளர் சுற்றுகிற ஊர் நம்முடையது. கழுத்துக் கட்டியை வீட்டில் இருப்பவர்களுக்கு முன்னால் முடி வெட்டுபவர் பார்த்துவிடுகிறார்!

அரவங்காடு: ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் ஒன்றும் தெளிவாக இல்லையாம். கொஞ்சம் வெட்டி எடுத்துப் பார்த்துவிடலாமா?

வேண்டாம். இந்தக் கட்டியில் ஊசிப் பரிசோதனை கைவிரிப்பது சாதாரணம். துண்டு வெட்டப் போனால் நரம்பிழை சேதமாகும், பின்னால் அறுவை செய்யும்போது எல்லாம் ஒட்டிக்கொண்டு தொல்லை தரும். மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ.தான் வழி. கழுத்தின் பெரிய தமனியையும் சிரையையும் கட்டி ஒன்றிலிருந்து ஒன்றை விலக்கியிருந்தால் வேகஸ் என்று சந்தேகப்படுவோம். இரண்டையும் சேர்த்து முன்னால் தள்ளியிருந்தால் சிம்பதெடிக் நரம்புச் சங்கிலி, அதாவது வியர்வை, கண் பாவை போன்றவற்றைத் தானாக இயக்கும் நரம்பு.

குன்னூர்: ஆசிரியை நான். வேகஸ் நரம்பில் 3 செ.மீ. கட்டி, தொந்தரவு எதுவும் இல்லை. எடுத்துவிடலாம் என்கிறார்கள். குரல் போய்விடுமா?

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் டீச்சர். 'கட்டியை எடுத்துவிடலாமா' என்று மட்டும் கேட்டால் 'எடுக்கலாம்' என்றுதான் பதில் வரும். 'எந்த நரம்பு, அது பழுதானால் எனக்கு எது போகும்' என்று கேளுங்கள்.

குரல் நாணை அசைக்கும் கிளை வேகஸிலிருந்துதான் வருகிறது. நரம்பை ஒட்டவெட்டி எடுத்தால் அந்தப் பக்கக் குரல் நாண் நிற்கும். குரல் கரகரக்கும், தண்ணீர் குடித்தால் புரையேறும். அதனால் இப்போது கூடியமட்டும் உறையை நீளவாக்கில் கீறி, பட்டாணியை உரிப்பதுபோல உள்ளிருக்கும் கட்டியை மட்டும் வெளியே எடுக்கிறார்கள். எங்கே கீறினால் இழைகளுக்குச் சேதமில்லை என்று நரம்புக் கண்காணிப்புக் கருவி காட்டும். இவ்வளவு செய்தும் சிலருக்குக் குரல் சில மாதம் அடைத்துத்தான் இருக்கும், ஒரு சிலருக்குத் திரும்பாமலும் போகும். அப்படி ஆனால் குரல் பயிற்சி உண்டு, நாணை நடுவுக்குத் தள்ளிவைக்கும் சின்ன அறுவையும் உண்டு.

கட்டி தொந்தரவு செய்யவில்லை, உங்களுக்குக் குரல்தான் சோறு போடுகிறது. நானாக இருந்தால் ஸ்கேனில் வளர்கிறதா என்று முதலில் பார்ப்பேன். அறுவை என்று முடிவானால், அதற்கு முன்பே தொண்டைக்குள் கேமரா விட்டு நாண் அசைவதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கேத்தி: என் வீட்டுக்காரருக்கு சிம்பதெடிக் நரம்பில் கட்டி எடுத்தார்கள். ஒரு கண் இமை தொங்குகிறது. சாப்பிட உட்கார்ந்தால் முதல் வாய் வைத்ததும் காதுக்குக் கீழே சுரீரென்று இழுக்கிறது, பிறகு சரியாகிவிடுகிறது. ஏதாவது விட்டுவிட்டார்களா?

எதையும் விடவில்லை அக்கா. இரண்டும் அந்த நரம்பு வேலை நிறுத்தியதன் விளைவு. இமை லேசாகத் தொங்கும், அந்தக் கண்ணின் பாவை சிறுக்கும், முகத்தில் அந்தப் பக்கம் வியர்க்காது. பார்வை கெடாது. வியர்க்காதது நம் குளிரில் அவருக்கே தெரிந்திருக்காது. மே மாதம் மேட்டுப்பாளையம் இறங்கினால் பாதி முகம் நனைந்து பாதி காய்ந்து நிற்கும், பயந்துவிடாதீர்கள்.

முதல் வாய் வலி உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வருவது. ஒரு பக்க நரம்புக் கட்டுப்பாடு போய்விட்டதால், உமிழ்நீர் சுரக்கும் நேரத்தில் சுரப்பி அளவுக்கு மீறிச் சுருங்குகிறது. எலுமிச்சை ஊறுகாயில் தொடங்கினால் உயிர் போகும். புளிப்பில்லாமல், சப்பென்று ஏதாவது இரண்டு வாய் மெதுவாகச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு மற்றதைத் தொடச் சொல்லுங்கள். பலருக்கு மாதங்கள் போகப் போகக் குறையும். குறையாவிட்டால் நரம்பு வலி மாத்திரைகள் உண்டு, போடாக்ஸ் ஊசியும் போடுகிறார்கள்.

மஞ்சூர்: தேயிலை மூட்டை சுமந்துதான் வந்ததா?

இல்லை. சுமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஊட்டி: எனக்கு ஸ்வானோமா என்று அறிக்கை வந்திருக்கிறது. மலை உயரத்தில் இருப்பவர்களுக்குக் கழுத்துக் கட்டி வரும் என்று படித்தேன். உண்மையா?

பாதி உண்மை. அது வேறு கட்டி. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் கவட்டில் இரத்தத்தின் ஆக்ஸிஜனை மோப்பம் பிடிக்கும் கரோடிட் பாடி என்ற சிறு உறுப்பு இருக்கிறது. ஆண்டிஸ் மலையிலும் மெக்ஸிகோ நகரத்திலும் தலைமுறைகளாக வாழ்பவர்களிடம் அந்த உறுப்பில் கட்டி கூடுதலாகக் காணப்படுகிறது. ஊட்டியும் சுமார் 2,240 மீட்டர் உயரம் என்பதால் நீங்கள் கேட்டது நியாயமே. ஆனால் உங்கள் அறிக்கையில் ஸ்வானோமா என்றுதான் இருக்கிறது. அதை உயரத்தின் தலையில் கட்ட முடியாது. கரோடிட் பாடி கட்டி இரத்தம் நிறைந்தது, அறுவைக்கு இரத்தக்குழாய் நிபுணரும் பக்கத்தில் இருப்பது நல்லது.

கூடலூர்: மகனுக்கு 17 வயது. உடம்பில் காப்பி நிறத் திட்டுகள், கழுத்தில் இரண்டு மூன்று கட்டிகள்.

15 மி.மீ.க்கு மேல் அகலமான திட்டுகள் ஆறுக்குக் குறையாமல் இருந்தால் நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற மரபணுக் கோளாறா என்று பார்க்க வேண்டும். அக்குளில் பொட்டுப் பொட்டாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த வகைக் கட்டிக்குள்ளேயே நரம்பிழைகள் ஓடுவதால் நரம்பைக் காப்பாற்றி எடுப்பது கடினம். தொல்லை தருவதை மட்டும்தான் தொடுவார்கள். ஆனால் ஒரு கட்டி திடீரென்று வேகமாக வளர்ந்தாலோ விடாமல் வலித்தாலோ தள்ளிப்போடாமல் கிளம்புங்கள். இந்தக் கோளாறில் புற்றாகும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

குந்தா: அறுவைக்குக் கோவைக்குத்தான் போக வேண்டும். செலவு? எப்போது மலையேறலாம்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழியுண்டு. சேருவதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்டரில் கேட்டுவிடுங்கள். இரத்தம் வடியும் குழாயை எடுத்து, டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு ஏறலாம். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுப்பவர் என்றால் இன்னும் சில நாள் கீழேயே தங்குங்கள். அந்த முக்கலில் காயத்துக்குள் இரத்தம் கட்டினால் மூச்சுக்குழாயை நெருக்கும்.

எடப்பள்ளி: பாட்டிக்கு 78 வயது. கட்டி 2 செ.மீ., எந்தத் தொல்லையும் இல்லை.

விட்டுவிடுங்கள் தம்பி. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஸ்கேன் எடுத்தால் போதும். குரல் மாறினால், விழுங்கச் சிரமப்பட்டால், கை மரத்துப்போனால் முன்கூட்டியே காட்டுங்கள். ஒவ்வொரு முறையும் பழைய படத்தையும் கூடவே எடுத்துப் போங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, புதுப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படமே வேண்டும்.