இந்திர லால் ராயின் 13 நாட்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்த கல்கத்தாக்காரர் இந்திர லால் ராய் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். 13 நாளில் 10 ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தினாராம். வேறோர் இடத்தில் 9 என்று இருக்கிறது. அதற்கு முன் ஒரு விபத்தில் இறந்துவிட்டதாகப் பிணவறையில் போட்டார்கள், எழுந்து வந்தார் என்கிறார்கள். மொத்தமே 170 மணி நேரம் பறந்த 19 வயதுப் பையனால் இது முடியுமா? அனுபவம் போதாமல்தான் இறந்தாரா? பாராசூட்டில் ஏன் குதிக்கவில்லை?

ம.

அன்புள்ள ம.,

முடிந்தது. ஆனால் பிணவறைக் கதையை முன்னால் வைத்தால் எல்லாமே அற்புதமாகிவிடும். அவர் கற்றுக்கொண்ட வேலை கண்ணில் படாது. பதிவில் இருப்பது இவ்வளவு: 1917 அக்டோபர் இறுதியில் 56ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவில் சேர்ந்தார். டிசம்பர் 6 அன்று விமானத்தோடு விழுந்து காயமடைந்தார். பறக்கத் தகுதியில்லை என்று மருத்துவர்கள் ஒதுக்கினார்கள். விடாமல் போராடி 1918 ஜூனில் 40ஆம் ஸ்குவாட்ரனுக்கு வந்தார். படையில் சேரும்போதே கண்பார்வை போதாதென்று தள்ளப்பட்டவர் அவர். மோட்டார் சைக்கிளை விற்று, பெரிய கண் மருத்துவரிடம் காட்டி, அந்த முடிவை மாற்றவைத்தார். பிணவறையைவிட இந்த மோட்டார் சைக்கிள்தான் அவரை எனக்குக் காட்டுகிறது.

9 என்பது பதக்கக் குறிப்பில் உள்ள எண். பட்டியல்களில் 10, அதில் இரண்டு வெற்றிகள் சகாக்களோடு பகிர்ந்தவை. எதிரி விமானம் கட்டுப்பாடிழந்து சுழன்று போனதாகப் பதிவானாலும் பிரிட்டிஷ் கணக்கில் அது வெற்றிதான். அப்படிச் சுழன்ற சில விமானங்கள் கீழே போய் நிமிர்ந்து வீடு திரும்பியதும் உண்டு. எல்லா விமானிகளின் கணக்கும் இப்படித்தான், ஆகவே ஒன்று கூடக்குறைய இருப்பதில் சண்டை வேண்டாம்.

எதை வீழ்த்தினார் என்று பாருங்கள். ஜூலை 6 அன்று பிரான்சின் ட்ரோகூர் மேலே ஒரு ஹானோவர், அதாவது இரண்டு இருக்கை ஜெர்மன் விமானம். 8ஆம் தேதி நான்கு மணி நேரத்துக்குள் மூன்று, அவற்றில் இரண்டு ஹானோவர்கள். 19ஆம் தேதி கடைசியாக வீழ்த்தியதும் ஹானோவரே. மொத்தத்தில் பாதிக்கு மேல் இரண்டு இருக்கை விமானங்கள். எளிய இரை என்று தோன்றும், இல்லை. ஹானோவரின் வால் இரட்டை அடுக்கு, அகலம் குறைவு. அதனால் பின்னால் இருக்கும் துப்பாக்கிக்காரருக்குச் சுடும் வெளி அதிகம். தூரத்திலிருந்து ஒற்றை இருக்கை விமானம் போலத் தெரிவதால், அசட்டையாகப் பின்மேலிருந்து பாய்கிறவர் நேராக அந்தத் துப்பாக்கி முன் போய் நிற்பார். முதலில் உயரம் பிடித்து, பின்பக்கமாகத் தாழ இறங்கி, வாலுக்கடியில் அந்தத் துப்பாக்கிக்காரர் பார்க்க முடியாத இடத்தில் நெருங்கியபின்தான் விசையைத் தொடவேண்டும். இந்தப் பொறுமையைச் சொல்லித்தர ராய்க்கு ஜார்ஜ் மெக்கெல்ராய் குழுத்தலைவராக வாய்த்தார். ராய் ஓட்டிய எஸ்.இ.5ஏ இதற்கேற்ற விமானம். இன்னொரு பிரிட்டிஷ் போர் விமானமான கேமல் போலச் சட்டென்று திரும்பாது, ஆனால் பாய்ச்சலில் உறுதி, சுடும்போது ஆடாது.

தொல்லை துப்பாக்கிகளில் இருந்தது. எஸ்.இ.5ஏயில் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். விக்கர்ஸ் சுழலும் புரொப்பல்லரின் இடைவெளி வழியாகச் சுடும். நேரம் பார்த்துச் சுடவைப்பது குழாயிலுள்ள எண்ணெய் அழுத்தம். குழாயில் காற்று புகுந்தாலோ அழுத்தம் இறங்கினாலோ துப்பாக்கி ஊமை. விமானி கைப்பிடியை இழுத்து அழுத்தம் ஏற்றவேண்டும். மேல் இறக்கையில் இருந்த லூயிஸ் துப்பாக்கியின் வட்டப் பெட்டியான டிரம்மில் 97 குண்டுகள், சுமார் பத்து விநாடியில் தீர்ந்துவிடும். மாற்ற, வளைந்த தண்டவாளத்தில் துப்பாக்கியைக் கீழே இழுத்து, விமானத்தின் கட்டுப்பாட்டுத் தண்டை முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, முகத்திலடிக்கும் காற்றில் வேறு டிரம் பொருத்தவேண்டும். நெளிந்த தோட்டா ஒன்று போதும் சிக்கிக்கொள்ள. தேர்ந்த விமானிகள் ஒவ்வொரு தோட்டாவையும் தாமே தடவிப் பார்த்தது அதனால்தான்.

ஜூலை 22 அன்று வட பிரான்சின் கார்வின் மேலே, இன்னும் இரண்டு எஸ்.இ.5ஏக்களோடு பறந்தபோது, ஜெர்மனியின் 29ஆம் வேட்டைப்படையின் ஃபோக்கர் டி.7 விமானங்கள் மோதின. டி.7 மூக்கைத் தூக்கியபடி நின்று கீழிருந்து மேலே சுடக்கூடியது. மேலே இருப்பதன் பாதுகாப்பு அதனிடம் பாதியாகிவிடும். போதாததற்கு அங்கே பெரும்பாலும் வீசுவது மேற்குக் காற்று. அது பிரிட்டிஷ் விமானங்களை எதிரி மண்ணுக்குள் தள்ளும், திரும்பும்போது எதிர்த்து நிற்கும். ராய் விழுந்ததும் ஜெர்மானியர் பிடியிலிருந்த பகுதியில். கல்லறை அங்கேயே, எஸ்தவெல் ஊரில் இருக்கிறது.

அனுபவக் குறைவா? அவர் இறந்த நான்காம் நாள் எட்வர்ட் மனாக் இறந்தார். மெக்கெல்ராய்க்கே வழிகாட்டியவர் அவர். ஜூலை 31இல் மெக்கெல்ராயும் போனார். இருவரும் ஆளுக்கு நாற்பதுக்கு மேல் வீழ்த்தியவர்கள், இருவரையும் கொன்றது தரையிலிருந்து வந்த குண்டுகள். ராயின் சாவை அனுபவக் குறைவென்று எழுதுவது நியாயமில்லை.

குதிக்க அவரிடம் பாராசூட் இல்லை. பிரிட்டிஷ் போர் விமானிகளுக்கு அந்தப் போர் முடியும்வரை அது தரப்படவில்லை. எஸ்.இ.5ஏயின் பெட்ரோல் தொட்டியோ விமானியின் மடிக்கு முன்னால். தீப்பிடித்தால் காற்று அதை அவர்மேல் தள்ளும். கனம், இடமின்மை, நம்பமுடியாத கருவி என்று காரணங்கள் சொன்னார்கள். ஆனால் அதே படையின் பலூன் கண்காணிப்பாளர்கள் பாராசூட்டில் குதித்து உயிர்பிழைத்துக்கொண்டிருந்தார்கள். 1918இல் ஜெர்மன் விமானிகளும் அதைக் கட்டிக்கொண்டு பறக்கத் தொடங்கியிருந்தார்கள். காணொளிகள் பேசவேண்டியது இதைத்தான்.